நான் சாயாத வளைவு

வீடு,
வியாழக்கிழமை, மத்தியானம்.

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, போன வாரத்து இருமல் போய், நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் முதல் வரி எழுதுவேன், இந்த முறை அந்த வரிக்குக் கை வரவில்லை, முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். பயந்துவிடாதே, யாரும் படுக்கையில் கிடக்கவில்லை. உன் அப்பா கீழே வண்டிக் கொட்டகையில் நின்று எதையோ உருட்டிக்கொண்டிருக்கிறார், நான் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டுப் போன் கதைதான் உனக்குத் தெரியுமே, நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார், நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் ஒன்பது வார்த்தை பேசுவார், அதிலும் பாதி நீ அனுப்பிய வண்டியின் புகழ். அதனால்தான் சரிபார்ப்புச் சீட்டுகளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன், முன்பக்கத்தில் தராசு சரியாக உள்ளது என்று அச்சடித்திருப்பதைக் கண்டுகொள்ளாதே.

சின்ன விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். சமையலறைக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு வாஷர் வாங்கி வருகிறேன் என்று போனவர் போனவர்தான். கீழ்வீட்டுத் தையல்காரரின் குழந்தைக்கு நாலு பல் முளைத்துவிட்டது, வருகிறவர் போகிறவர் விரலையெல்லாம் கடித்துப் பார்க்கிறது. என் முழங்கால் படி ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை, இறங்கும்போதுதான் முனகுகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது, அப்பாவுக்கு வயிற்றுப் பக்கம் பிடிக்கிறது, கேட்டால் சட்டை சுருங்கிவிட்டது என்கிறார். பார், இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டேன், துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துவிட்டு வந்தேன், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், விஷயம் வண்டியைப் பற்றியது, அதை ஓட்டுகிறவரைப் பற்றியது, அவருக்குப் பின்னால் உட்காருகிற என்னைப் பற்றியதும்தான்.

போன வருஷம் பழைய வண்டி மலைப்பாதை நடுவில் உயிரை விட்டபோது நீதான் இந்தப் பெரிய மோட்டார் சைக்கிளை அனுப்பினாய். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்க்கிறவர்கள் நாங்கள், வண்டியின் இருபக்கப் பெட்டிகளில் எடைக்கற்களும் பின்னால் நானுமாக மாதத்தில் நாலு தடவை மலையேற வேண்டும், இதைவிடப் பத்திரமான வண்டி கிடையாது என்றாய். சக்கரம் சறுக்காமல், முன்பக்கம் தூக்காமல், வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தாலும் விழாமல் பார்த்துக்கொள்கிற ஒரு சின்னப் பெட்டி உள்ளே இருக்கிறது, அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் அங்கே கம்பெனியில் என் வேலை என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு அந்த வண்டியில் நீயே கூட வருகிற மாதிரி ஒரு நினைப்பு. அந்தப் பெட்டி வேலை செய்யும்போது கைப்பிடிக்கு நடுவில் இருக்கிற திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும் என்றும் சொல்லியிருந்தாய். நான்தான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவள் ஆயிற்றே, முதல் ஏழெட்டு மாதம் அந்த விளக்கை நான் கண்ணால் கண்டதில்லை. இப்போது நாலு மாதமாக மினுக்குகிறது. அதுவும் வலது பக்கம் திரும்புகிற வளைவுகளில் மட்டும்.

முதல் தடவை சொன்னபோது, வெளக்காவது ஒண்ணாவது, பேசாம உக்காரு என்றார். அடுத்த தடவை, வெயில் பட்டு மின்னியிருக்கும் என்றார். அதற்கப்புறம் ஒருநாள் கோபம் வந்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, முன்னாடி உக்காந்து நேராப் பாக்குற எனக்குத் தெரியாத வெளக்கு பின்னாடி இருக்கிற உனக்கு மட்டும் எப்படித் தெரியுது என்று கேட்டார். மகள் கொடுத்த வண்டியைக் குறை சொல்ல மனசு வராமல் மழுப்புகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதனால்தான் போன மாதம் நீ கூப்பிட்டபோது ஒன்றும் தெரியாதவள் மாதிரி, ஏன்டி, பின்னாடி ஆள் உக்காந்தா அந்தப் பெட்டிக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். நீயும் பொறுமையாகச் சொன்னாய். ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முன்சக்கரம் லேசாகும், ஏற்றத்தில் முறுக்கினால் அது தரையை விட்டு எழும்பப் பார்க்கும், கைப்பிடி நம் பேச்சைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும், நிறுத்துவதற்கும் கூடுதல் தூரம் வேண்டும், பெட்டி முடிந்தவரை சமாளிக்கும், ஆனால் அதற்கு முன்னால் நாம் பின் ஸ்பிரிங்கை இறுக்கி, திரையில் இரண்டு ஹெல்மெட் படத்தை வைக்க வேண்டும் என்றாய். சக்கரம் சுற்றுவது பெட்டிக்குத் தெரியும், வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரியும், பின்னால் இருப்பது யார், அவர் அங்கே என்ன செய்கிறார் என்பது மட்டும் தெரியாது என்றாய். நீங்கள் தண்ணீர் நிரப்பிய பொம்மையைப் பின்னால் கட்டித்தான் ஓட்டிப் பார்ப்பீர்களாமே. எனக்குச் சிரிப்பு வந்தது, உங்கள் பொம்மைக்குப் புருஷன் கிடையாது, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்ட அப்பா அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டார். என்னைத் தானிய மண்டிக்குக் கூட்டிப்போய், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, மூட்டை போடுகிற தராசில் ஏற்றி நிறுத்தினார். அறுபத்து நாலு கிலோ இருநூறு கிராம். செருப்பைக் கழற்றச் சொல்லி இன்னொரு தடவை நிறுத்தினார், என்னவோ என்னை விற்கப்போகிற மாதிரி. வீட்டுக்கு வந்து அந்தக் கணக்குக்கு ஸ்பிரிங்கை இறுக்கினார், திருகைத் திருப்பத் திருப்ப டக் டக் என்று இருபது சொடுக்கு, ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். திரையில் ஹெல்மெட் படத்தையும் மாற்றினார். அப்படியும் விளக்கு மினுக்குவது நிற்கவில்லை என்று நான் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் இருபது கிலோக் கல் மூன்று, ஒரு கிலோக் கல் நாலு, கடைசியாக வெல்வெட் பெட்டியிலிருந்து இருநூறு கிராம் பித்தளைக் கல் ஒன்று, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுப் பின் இருக்கையில் ரப்பர் வாரால் கட்டி, அதற்குமேல் என் ஹெல்மெட்டையும் கவிழ்த்து வைத்து, நீ வீட்டுல இரு, நான் உன்னக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வரேன் என்று கிளம்பிப் போனார். அரை மணி கழித்து வந்து, எரியல, கல்ல வெச்சா எரியல, நீ உக்காந்தாதான் எரியுதுங்குற, அப்ப குறை யாருகிட்ட என்று கேட்டார். எடைக்கல்லைப் பார்த்தே காலத்தை ஓட்டிய எங்களுக்குத்தான் இந்த மாதிரித் தப்பு வரும், எடை சரியாக இருந்தால் ஆளும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். கற்களை இறக்கி வைக்கும்போது வலது பக்கப் பெட்டியில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் இருந்ததைப் பார்த்தேன். கேட்டேன். வாசல் தூண் உரசிடுச்சு என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அதே இடத்தில் நிற்கிற தூண். அது கொஞ்சம் உள்ள தள்ளி வந்துடுச்சு போல என்று சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் துணியை எடுத்துத் துடைக்கும்போதுதான், விளக்கும் வலது, கீறலும் வலது என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் அவர் வண்டியில் ஏறிச் சாவி போடும்போது பக்கத்தில் போய் நின்றேன். சாவியைத் திருப்பியதும் திரையில் இருக்கிற எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணையும் அல்லவா, எத்தன எரிஞ்சுது சொல்லுங்க பாப்போம் என்று விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அஞ்சு என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னேன். அஞ்சுதான், உனக்கு வேற வேலை இல்லையா என்றார். ஆறு விளக்கு சுண்டு. ஆறாவது அந்த வலது மூலை மஞ்சள். தலைய கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பாருங்க என்றேன். திருப்பினார், சாவியை மறுபடியும் போட்டார், ஆறாவதைப் பார்த்துவிட்டார். பொய் சொல்லவில்லை அவர், அத்தனை நாளும் அந்த விளக்கு அவர் கண்ணுக்குப் படவே இல்லை. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னிக்கு வேலைக்குப் போகல என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து, தூக்கம் சரியில்ல, அதான் கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு என்று சொல்லிச் சவரம் செய்துகொண்டார். வலது கன்னத்தில் ஒரு பட்டை தாடி அப்படியே நின்றது.

இனிமேல் எழுதப்போகிறதுதான் எனக்குக் கஷ்டம், நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. விளக்கு மினுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எனக்கு ஏதோ தெரிந்திருந்தது. தெரிந்தது புத்திக்கு அல்ல, இடுப்புக்கு. இத்தனை வருஷம் அவர் பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு அவர் எந்த இடத்தில் மூச்சை இழுப்பார், எந்த இடத்தில் தோளை இறக்குவார் என்பது தெரியாதா. இடது வளைவில் பழைய மாதிரியே சாய்வார். வலது வளைவு வந்தால் அது வந்ததே தெரியாத மாதிரி ஒரு நொடி நேராகவே போவார். அந்த ஒரு நொடியில் நான் சாய்ந்துவிடுவேன். முதலில் தன்னால் நடந்தது, அப்புறம் தெரிந்தே செய்தேன். நான் அவருக்கு முந்திச் சாய்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சரியும், அவர் திடுக்கிட்டு ஆக்சிலேட்டரை விடுவார், பிடிப்பார், கைப்பிடியைத் திருப்புவார், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல உன் பெட்டி நடுவில் கிடந்து திணறியிருக்கும், அதற்குத்தான் அந்த விளக்கு என்று இப்போது புரிகிறது. அதுமட்டும் இல்லை, வலது பக்கச் சந்திலிருந்து யாராவது வந்தால் அவர் வலது தோளை ஒரு தட்டுத் தட்டுவேன், உடனே பிரேக்கில் கை வைப்பார். ஏன் தட்டுகிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்காததை நான் அப்போது யோசிக்கவும் இல்லை.

விளக்கு எண்ணிப் பார்த்த பிறகும் நான் ஏன் ஏறினேன் என்று நீ கேட்பாய். நான் ஏறாவிட்டால் அவர் தனியாகப் போவார், அதற்குத்தான். கண் டாக்டரிடம் போகலாம் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் இல்ல, வண்டி நேராத்தான போகுது என்றார். வண்டி நேராகப் போவது யாரால் என்று எனக்கு மனசுக்குள் ஒரே அரிப்பு. திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கி வரும்போது, அந்தக் கல் உடைக்கிற இடத்தைத் தாண்டி ஒரு பெரிய வலது வளைவு வருமே, வெளி ஓரம் முழுக்கச் சரளைக்கல், அதற்கப்புறம் பள்ளம், அங்கே வரும்போது எதிரிலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. இன்றைக்குச் சாயமாட்டேன், தட்டவும் மாட்டேன், சாக்கில் கட்டின கல் மாதிரி உட்காருவேன், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று முடிவு செய்தேன். எனக்கு என்ன கொழுப்பு பார். பைத்தியக்காரத்தனம்தான்.

வளைவு வந்தது. அவர் நேராகவே போனார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று, இரண்டு. ரோட்டின் கோடு எங்கள் பக்கம் வந்தது, சரளை வந்தது, அப்போதுதான் அவருக்குத் தெரிந்து சடாரென்று திருப்பிப் பிரேக்கைப் பிடித்தார். மஞ்சள் விளக்கு மினுக்கவில்லை, நின்று எரிந்தது. பிரேக் தடதடவென்று துடிப்பது என் கால் வரைக்கும் தெரிந்தது, வண்டி சாய்ந்தபடியே வேகம் இழந்ததே தவிர விழவில்லை, உன் பெட்டி தன்னால் ஆனதையெல்லாம் செய்தது, அதற்காக உனக்கும் உன் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் ரோடு எங்கே போகிறது என்று அதற்கு யார் சொல்வது. சரளையில் முன்சக்கரம் புதைந்து நின்றபோது பள்ளத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. இன்ஜின் அணைந்துபோயிற்று. உன் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார், திரும்பினார், என்னைப் பார்த்து முதல் வார்த்தையாக என்ன கேட்டார் தெரியுமா. நீ ஏன் சாயல என்று கேட்டார்.

எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை, வண்டிக்கு என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. நீ ஏன் சாயல. அப்படியென்றால் இத்தனை நாளும் அவருக்குத் தெரியும். நான் சாய்வதும் தட்டுவதும் தெரிந்து, அதை நம்பி, அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன், அவர் எனக்குத் தெரியாமல் என்னைக் கண்ணாக வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ரோட்டோரத்தில் கத்தினேன். எப்ப இருந்து தெரியும்னு சொல்லுங்க என்றேன். மழைக்கு முன்னாடி இருந்தே என்றார். வலது பக்கம் பாதி படம் கிழிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா நீ பின்னாடி இருக்கேல்ல, உன் தோளு போற பக்கம் நான் போயிடுறேன் என்றார். சாதாரணமாகச் சொன்னார் சுண்டு, தண்ணீர்க் குடம் கனமாக இருக்கிறது, நீ ஒரு கை பிடி என்று சொல்வது போல. எனக்குக் கோபமும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவோம் என்றேன். இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தோம், அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். அடிவாரத்தில் ஒரு மினி லாரிக்காரர் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் வண்டியில் ஏறவில்லை. அதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் நேற்று மலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள், பிறந்த குழந்தைகளை நிறுக்கிற தராசு தப்பாகக் காட்டுகிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் வந்து பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை என்றால் நாளை. அவசரம்தான், மருந்துக்கு அளவு எடையைப் பார்த்துத்தான் போடுவார்கள், அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. பஸ்ல போலாம், கல்லுப் பெட்டிய நான் தூக்குறேன் என்றேன். குழந்தைத் தராசுக்கு எத்தன கல்லு வேணும், எல்லாம் சின்னக் கல்லுதான், நான் தனியாவே வண்டியில போயிட்டு வந்துடுவேன், நீ பயந்துட்ட, வீட்டுல இரு என்றார். இப்போது கீழே அதற்குத்தான் தயாராகிறார். கேட்கிறது எனக்கு. ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறார். இரண்டு பேருக்கு இருபது சொடுக்கு வைத்திருந்தாரே, ஒருவருக்கு ஆறு போதும் என்று நீதான் சொல்லியிருந்தாய். டக் டக் என்று ஒவ்வொன்றாகக் குறைகிறது, நானும் எழுதிக்கொண்டே எண்ணுகிறேன், இதுவரை ஐந்து. என் எடையை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஏறினால் என் தைரியத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பார், என்றைக்காவது நான் கண் அசந்தால் இரண்டு பேரும் போவோம். நான் ஏறாவிட்டால் அவர் மட்டும் போவார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திங்கட்கிழமையிலிருந்து தவிக்கிறேன், ஏழு. இன்னொன்றையும் உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நாலு மாதமாக நான் உன்னிடம் வாயைத் திறக்காததற்கு அவருடைய பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. எனக்கு அந்தப் பின் இருக்கையை விட மனசில்லை. வீட்டில் நாங்கள் பேசினால் சண்டை, வண்டியில் பேச முடியாது, அதனால் சண்டையும் கிடையாது, அவர் முதுகு எனக்குக் காற்றை மறைக்கும், நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எதையாவது நினைத்துக்கொண்டு போவேன். நான் தோளைச் சாய்த்தால் இவ்வளவு பெரிய வண்டி திரும்புகிறதே என்று ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது. கண் டாக்டரிடம் போனால் வண்டி போய்விடும், வண்டி போனால் இதெல்லாம் போய்விடும் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்குப் பாதிதான் தெரியவில்லை, எனக்கு முழுசும் தெரிந்திருந்தது, ஆக யார் தப்பு பெரிசு என்று நீயே சொல். பதினொன்று. இதற்குமேல் உட்கார முடியாது, நான் கீழே போகிறேன், திரும்பி வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். மணி நாலாகப் போகிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். நான் போனபோது பதினாலும் முடிந்து, திரையில் ஒற்றை ஹெல்மெட் படத்தையும் வைத்துவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, முழங்கால் முனகினாலும் முனகட்டும் என்று ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். தளர்த்தி வைத்த ஸ்பிரிங் அல்லவா, பின்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. எறங்கு என்றார். மாட்டேன், நாளைக்கு நானும் வரேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனதைப் பார்க்க வேண்டுமே, உடனே ஸ்பிரிங்கை இறுக்கக் குனிந்துவிட்டார். ஆனா நான் சாயமாட்டேன் என்றேன். குனிந்தவர் அப்படியே நின்றார். சாயமாட்டேன், தட்டவும் மாட்டேன், திங்கக்கெழம உக்காந்த மாதிரியே உக்காந்து வருவேன், போயிடலாம்னு உங்களுக்குத் தைரியம் இருந்தா சாவியப் போடுங்க என்றேன்.

எண்ணெய்ப் புட்டி அவர் கையிலேயே இருந்தது, சொட்டிக்கொண்டிருந்தது. நீ சும்மா சொல்ற, வளைவு வந்தா உன்னால சாயாம இருக்க முடியாது என்றார். திங்கக்கெழம முடிஞ்சுதே என்றேன். சொன்னேனே தவிர, அவர் சாவியைப் போட்டிருந்தால் நான் வார்த்தையைக் காப்பாற்றியிருக்க வேண்டும், அடுத்த வளைவில் காப்பாற்றியிருப்பேனா என்று எனக்கே இப்போதும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பித் திருப்பி முழுசாகப் பார்த்தார். அப்புறம் சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, உன்ன வெச்சு என்னால அத செய்ய முடியாது என்றார். அவ்வளவுதான். படியில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீ அப்பா அழுது பார்த்ததில்லை, நானும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், வலது பக்கம் உட்கார்ந்தவள் எழுந்து இடது பக்கம் மாறி உட்கார்ந்தேன்.

அதனால் நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் இருவருமாக மலை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கேயே கண் டாக்டர் வெள்ளிக்கிழமைகளில் வருகிறாராம், தராசைப் பார்த்து முடித்ததும் இவரைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவேன். கண்ணா, தலைக்குள்ளே ஏதாவதா, டாக்டர் சொல்லட்டும், நாமாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உனக்கு எழுதுவதைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் போனதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது, வண்டி சரளைக்குப் போனதைக் கேட்டால் நீ செய்த வேலையில் குறை என்று நினைத்து மனசு ஒடிந்துபோவாயாம், அதற்குத்தான் இத்தனை நாள் மறைத்தாராம். நீயே அவருக்குப் புத்தி சொல். ஆனால் போனில் எடுத்த எடுப்பில் வண்டியைப் பற்றிப் பேசாதே, ஏன் முதல்லயே சொல்லல என்று என்னையோ அவரையோ கடிந்துகொள்ளாதே, அதை நாங்களே ஒருவருக்கொருவர் போதுமான அளவு சொல்லிக்கொண்டாயிற்று. அப்பா என்று கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இரு, அவராகச் சொல்லுவார். லீவு போட்டு ஓடி வருகிறேன் என்றும் ஆரம்பிக்காதே, டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு பார்ப்போம். பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் உன் வேலைக்கு உதவுமே என்று சொல்கிறேன், பின்னால் உட்காருகிறவர்கள் சும்மா உட்காருவதில்லை. அதை உன் மேலதிகாரியிடம் சொல்ல முடிந்தால் சொல்.

நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு, போன இடமெல்லாம் நல்ல மனிதர்கள் துணையோடு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். இருமல் திரும்ப வந்தால் வெந்நீர் குடி, மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. சோதனை ஓட்டம் இருக்கிற நாளில் வெறும் வயிற்றோடு வண்டி ஏறாதே. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள், வயசு முப்பதுதான் என்று அலட்சியம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அப்பாவும் உனக்கு இரண்டு வரி எழுதவேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டார், நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. கீழே எழுதியிருக்கிறார். தாளின் இடது பாதியிலேயே குறுகலாக எழுதி நிறுத்தியிருக்கிறார், அதோடு தாள் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், நான் எடுத்துச் சொல்லவில்லை. பிரித்ததும் அதைப் பார்த்து நீ பயந்துவிடக்கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

என்றும் உன் நினைவில் இருக்கும்,
அம்மா

சுண்டு
வண்டி
மேல தப்பு
இல்ல
நல்லா
நின்னுச்சு
கண்ணுதான்
உன் வேலைய
விட்டுடாத
அப்பா